கோருகிறேனா, கேட்டுக்கொள்கிறேனா?

வாசகர் கேள்வி:

அம்மா, வணக்கம். எங்கள் ஊர் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எதிரே சின்னதாக ஒரு கணினி மையம் நடத்துகிறேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் இவற்றோடு மனு எழுதித் தருவதும் உண்டு. போன வாரம் ஒரு பள்ளி ஆசிரியைக்கு "மூன்று நாட்கள் மருத்துவ விடுப்பு எடுக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்" என்று அடித்துக் கொடுத்தேன். தலைமையாசிரியர் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பிவிட்டாராம். என்ன தப்பு என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் புரியவில்லை. பக்கத்தில் பல வருடமாக மனு எழுதும் பெரியவர் ஒருவர், "கோருகிறேன் என்று எழுதாதே, அதிகாரிக்குக் கோபம் வரும், வேண்டி நிற்கிறேன் என்று எழுது" என்கிறார். ஆனால் அலுவலகத்திலிருந்து வரும் தாள்களில் எல்லாம் கோரி, கோரப்பட்ட என்றுதானே இருக்கிறது? நான் வழக்கமாக எழுதும் ஒரு வரியைக் கீழே தருகிறேன். சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள். அப்புறம், மனு கொடுத்த பிறகு அதிகாரிகளுக்கு வாட்ஸ்அப்பில் நினைவூட்டும்போதும் இப்படித்தான் எழுத வேண்டுமா?

"எனது தாயாருக்கு நிறுத்தப்பட்ட முதியோர் உதவித்தொகையை மீண்டும் பெற கோரி ஆவண செய்ய வேண்டி தங்களை பணிவுடன் கோருகிறேன்."

பதில்:

வணக்கம் தங்கையே. அலுவலகக் கடிதங்களைத் திருத்துவதும் மொழிபெயர்ப்பதும்தான் என் தொழில், அதனால் இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. நீங்கள் எழுதும் ஒரு வரியை நம்பித்தான் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி அந்த அலுவலகத்தின் படியேறுகிறார். அதனால் சுருக்கமாகச் சொல்லாமல் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோருகிறேன் என்பது தப்பே இல்லை. மரியாதைக் குறைவும் இல்லை. பெரியவரின் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொல்வதை ஏற்க முடியாது. கோரு, கேட்டுக்கொள், வேண்டு ஆகிய மூன்றும் ஒரே பொருள் போலத் தெரிந்தாலும் வாக்கியத்தில் ஒரே மாதிரி உட்காராது. நீங்கள் தடுமாறுவது பணிவிலோ மரியாதையிலோ இல்லை, வாக்கியத்தில் யார், யாரை, எதை என்பதில்தான்.

கோரு என்ற வினைக்கு முதலில் தேவைப்படுவது ஒரு பொருள். எதைக் கோருகிறீர்கள்? பட்டா மாறுதல் கோரினார், இழப்பீடு கோரினார், அனுமதி கோரினார், விளக்கம் கோரினார், மன்னிப்புக் கோரினார். அந்த "எதை" இல்லாவிட்டால் வாக்கியம் நிற்காது. யாரிடமிருந்து அது வர வேண்டுமோ அவருக்கு "இடம்" என்ற உருபு வரும்: வட்டாட்சியரிடம் பட்டா மாறுதல் கோரினார், நிறுவனத்திடம் இழப்பீடு கோரினார். வட்டாட்சியரைக் கோரினார் என்று எழுதினால், வேறு அதிகாரி வேண்டாம், இந்த வட்டாட்சியர்தான் எங்களுக்கு வேண்டும் என்று யாரோ கேட்டதுபோல் ஆகிவிடும்.

கேட்டுக்கொள் இதற்கு நேர் எதிர்ப் பக்கம். அதற்கு முதலில் தேவைப்படுவது ஓர் ஆள். யாரைக் கேட்டுக்கொள்கிறீர்கள்? தங்களைக் கேட்டுக்கொள்கிறேன், பயணிகளைக் கேட்டுக்கொள்கிறோம். அந்த ஆள் செய்ய வேண்டிய வேலை "செய்யுமாறு", "செய்யும்படி" என்று முன்னால் வரும். "தங்களைப் பட்டா கேட்டுக்கொள்கிறேன்" என்று யாரும் எழுத மாட்டார்கள், காதுக்கே ஒட்டாது. "பட்டா வழங்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்" என்றால் சரியாக உட்கார்ந்துவிடும். சுருக்கமாகச் சொன்னால், ஒரு பொருளைக் கேட்கும்போது கோரு, ஓர் ஆளை ஒரு வேலை செய்யச் சொல்லும்போது கேட்டுக்கொள். வேண்டு என்பது இரண்டுக்கும் வளைந்து கொடுக்கும் சொல். "பட்டா வேண்டி விண்ணப்பம்" என்றும் எழுதலாம், "வழங்குமாறு வேண்டுகிறேன்" என்றும் எழுதலாம். பெரியவருக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம், எதில் போட்டாலும் பெரிதாக உதைக்காது.

கோரு என்பதோடு வேலையைச் சொல்லவே கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். "நடவடிக்கை எடுக்கக் கோரி மனு கொடுத்தனர்", "சாலை அமைக்க வேண்டும் என்று கோரினர்", "நடவடிக்கை எடுக்குமாறு ஆட்சியரிடம் கோரினர்" எல்லாமே நல்ல தமிழ்தான். அங்கேயும் அந்த நடவடிக்கைதான் "எதை" என்ற இடத்தில் இருக்கிறது, ஆட்சியருக்கு "இடம்" என்ற உருபுதான் வருகிறது. அதனால் அடித்து முடித்ததும் ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: கடைசியில் கோருகிறேன் என்று முடித்திருந்தால் முன்னால் "தங்களிடம்" இருக்க வேண்டும், கேட்டுக்கொள்கிறேன் என்று முடித்திருந்தால் "தங்களை" இருக்க வேண்டும்.

இப்போது ஆசிரியையின் விடுப்புக் கடிதத்துக்கு வருவோம். "விடுப்பு எடுக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதன்படி விடுப்பு எடுக்க வேண்டியவர் யார்? தலைமையாசிரியர்! "மாறு", "படி" என்று முடியும் சொல்லின் வேலையைச் செய்ய வேண்டியவர், நீங்கள் கேட்டுக்கொள்ளும் அந்த ஆள்தான். ஆசிரியை தன் தலைமையாசிரியரை மூன்று நாள் வீட்டில் இருக்கச் சொன்னதுபோல் வாக்கியம் ஆகிவிட்டது, அவர் சிவப்பு மை எடுத்ததில் நியாயம் இருக்கிறது. தலைமையாசிரியர் செய்யக்கூடிய வேலை விடுப்பு எடுப்பது இல்லை, அளிப்பது. "மூன்று நாட்கள் மருத்துவ விடுப்பு அளிக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தால் பேச்சே இல்லை. கோரு போட வேண்டுமென்றால் இன்னும் குறுக்கலாம்: "மூன்று நாட்கள் மருத்துவ விடுப்புக் கோருகிறேன்."

இந்தத் தவறு விடுப்புக் கடிதத்தோடு நிற்பதில்லை. பெறுமாறு, செல்லுமாறு, சேருமாறு என்று எங்கே வந்தாலும் நின்று பாருங்கள். "என் மகன் இப்பள்ளியில் சேருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதுகிறார்கள், அது "என் மகனைச் சேர்த்துக்கொள்ளுமாறு" என்று இருக்க வேண்டும். "வெளியூர் செல்லக் கோருகிறேன்" என்றால் யார் போவது? எழுதியவரா, அதிகாரியா? "வெளியூர் செல்ல அனுமதி கோருகிறேன்" என்று நடுவில் அனுமதியைப் போட்டுவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும், போவது நான், அனுமதி தருவது நீங்கள். நகல் பெறக் கோருகிறேன் என்பதைவிட நகல் வழங்கக் கோருகிறேன் என்பது தெளிவு. கொடுப்பவர் அதிகாரி, பெறுபவர் மனுதாரர். இந்தத் திசையை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதித் தவறுகள் வராது.

"வேண்டாம்" என்று கேட்கிற மனுக்களில் இதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. பாகப் பிரச்சினை இருக்கும் நிலத்தில் அண்ணன் தன் பெயருக்கு மட்டும் பட்டா மாற்ற விண்ணப்பித்திருப்பார், தம்பி ஆட்சேபணை மனு கொடுக்க உங்களிடம் வருவார். "மேற்படி பட்டாவில் பெயர் மாற்றம் செய்யக் கோரவில்லை" என்று எழுதினால் தம்பி எதையும் கேட்கவில்லை என்றுதான் பொருள், தடுக்கச் சொன்னதாக ஆகாது. "இல்லை" என்பது கோரு மேல் ஏறக்கூடாது, செய்கிற வேலை மேல் ஏற வேண்டும்: "எங்கள் பாகப் பிரச்சினை தீரும் வரை மேற்படி பட்டாவில் பெயர் மாற்றம் செய்ய வேண்டாம் என்று தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்." செய்யாதிருக்குமாறு என்றும் எழுதலாம், அதுவும் சரிதான், ஆனால் வேண்டாம் என்பது முதல் பார்வையிலேயே கண்ணில் படும். கட்டுக்கட்டாக மனு பார்க்கிற எழுத்தருக்கு அது முக்கியம்.

சரி, உங்கள் முதியோர் உதவித்தொகை வரி. அந்த ஒரே வரியில் மூன்று முறை கேட்கிறீர்கள்: கோரி, வேண்டி, கோருகிறேன். நிறையக் கேட்டால் நிறையப் பணிவு என்று நமக்கு எங்கோ பழகிவிட்டது. படிப்பவருக்கு அது பணிவாகத் தெரிவதில்லை, எந்தக் கேட்பு உண்மையான கேட்பு என்று தேட வைக்கிறது. ஒரு வாக்கியத்தில் கேட்கும் வினை ஒன்றுதான் இருக்க வேண்டும். அப்புறம் "தங்களை கோருகிறேன்", அதைத்தான் மேலே பார்த்தோம். "ஆவண செய்ய" என்பது மனுக்களில் வற்றாமல் ஓடிக்கொண்டிருக்கும் பிழை. ஆவணம் என்றால் பத்திரம், தஸ்தாவேஜு. நீங்கள் எழுத நினைப்பது ஆவன, அதாவது ஆக வேண்டியவை. ஆவன செய்யுமாறு என்றால் தேவையானவற்றைச் செய்யுமாறு என்று பொருள். இரண்டு சுழி ன போட்டால் போதும், மூன்று சுழி ண போட்டால் பத்திரம் தயாரிக்கச் சொன்னதாகிவிடும். பெற கோரி என்பதில் ஒற்று வேண்டும், பெறக் கோரி. தங்களை பணிவுடன் என்பதிலும் அப்படியே, தங்களைப் பணிவுடன்.

திருத்தினால் இப்படி வரும்: "என் தாயாருக்கு நிறுத்தப்பட்டுள்ள முதியோர் உதவித்தொகையை மீண்டும் வழங்க ஆவன செய்யுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

மனுவின் மேலே "பொருள்" என்று ஒரு வரி போடுவீர்கள் அல்லவா, கோரு வாழ வேண்டிய இடம் அதுதான். "பொருள்: நிறுத்தப்பட்ட முதியோர் உதவித்தொகையை மீண்டும் வழங்கக் கோருதல் – தொடர்பாக." அங்கே ஆளுக்கு இடமில்லை, எதைக் கேட்கிறோம் என்பது மட்டும்தான் தெரிய வேண்டும், கோரு அந்த வேலைக்கென்றே பிறந்த சொல். முடிவு வரியில் ஓர் அதிகாரியை நேராகப் பார்த்துப் பேசுகிறோம், அங்கே கேட்டுக்கொள்கிறேன் இயல்பாக உட்காரும். பெரும்பாலான மனுக்களுக்கு இந்த ஏற்பாடே போதும்: மேலே கோருதல், கீழே கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பத்தியை விட்டுவிடாதீர்கள். எந்த மாதத்திலிருந்து பணம் வரவில்லை, ஓய்வூதிய ஆணை எண் என்ன, எந்த வங்கிக் கணக்குக்கு வந்துகொண்டிருந்தது, நிறுத்தியதற்குக் கடிதம் ஏதும் வந்ததா, இவ்வளவும் இருந்தால்தான் கடைசி வரிக்கு உயிர் வரும். முதியோர் உதவித்தொகை என்றால் பெறுநர் என்ற இடத்தில் வெறுமனே வட்டாட்சியர் என்று போடாமல், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் என்று போடுங்கள். ஒரே வளாகமாக இருந்தாலும் மேசை வேறு. அதுபோல உதவித்தொகையையும் பட்டாவையும் தெரு விளக்கையும் ஒரே மனுவில் கோர வேண்டாம். மூன்றும் மூன்று இடத்துக்குப் போக வேண்டியவை. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தாலும் அந்த மனு உரிய துறைக்குத்தான் அனுப்பப்படும். மூன்று கோரிக்கை இருந்தால் எது முதலில் மனுவைப் பிரிப்பவர் கண்ணில் படுகிறதோ அதை வைத்து ஒரு துறைக்குத் தள்ளிவிட வாய்ப்பு அதிகம். ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை.

கோரிக்கை என்றதும் இன்னொன்று. "எனது கோரிக்கையைக் கோருகிறேன்" என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன், கோரிக்கைக்கு உள்ளேயே கோருதல் இருக்கிறது, இரண்டு முறை தேவையில்லை. கோரிக்கை வைக்கலாம், விடுக்கலாம், முன்வைக்கலாம். அதிகாரி அதை ஏற்பார், பரிசீலிப்பார், நிறைவேற்றுவார் அல்லது நிராகரிப்பார். "என் கோரிக்கையைப் பரிசீலித்து" என்று தொடங்கினால் கடைசியில் கேட்டுக்கொள்கிறேன் என்று முடிப்பதுதான் அழகு.

இனி பெரியவர் சொன்ன கோபத்துக்கு வருகிறேன். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கோரு என்ற சொல்லில் உரிமையின் சாயல் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. உரிமை கோரினார் என்கிறோம், நீதி கோரினார் என்கிறோம். வங்கியில் பத்து வருடமாக யாரும் தொடாமல் கிடக்கும் பணத்தைக் கோரப்படாத வைப்புத்தொகை என்கிறோம், அதன் அர்த்தம் அதற்கு உரியவர் இன்னும் வந்து கேட்கவில்லை என்பது. அந்தப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விட்ட பிறகும் உரியவரோ வாரிசோ வந்து கோரினால் வங்கி கொடுத்தாக வேண்டும். அங்கே யாரும் இறைஞ்சுவதில்லை, கோருகிறார்கள்.

வலியுறுத்து என்பது இதற்கு ஒரு படி மேலே, ஏற்கெனவே கேட்டதை அழுத்திச் சொல்வது. முதல் மனுவில் அதை எழுதினால் அதிகாரிக்கு நெருடும், அந்த நெருடலில் நியாயமும் உண்டு. சங்கமோ கட்சியோ அறிக்கை விடும்போது வலியுறுத்தலாம். தனி மனிதர் முதல் முறை எழுதும் மனுவில் கோரினாலே போதும். அந்தப் பக்கம் வேண்டி நிற்கிறேன், இறைஞ்சுகிறேன், காலில் விழுந்து கெஞ்சுகிறேன் என்பவை. இவை தவறு என்று சொல்ல மாட்டேன். மருத்துவச் செலவுக்கு ஒரு தொண்டு அமைப்பிடம் உதவி கேட்கும்போது, கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் விருப்பம் என்கிற இடத்தில், வேண்டுகிறேன் என்பது பொருத்தமான சொல். ஆனால் சட்டப்படி கிடைக்க வேண்டிய ஒன்றைக் கேட்கும்போது அப்படி எழுதினால், அது உரிமை என்ற நினைப்பே மனுதாரருக்கு இல்லாமல் போகிறது. கணவர் இறந்த பின் வாரிசுச் சான்றிதழுக்கு வருகிற பெண் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. "வாரிசுச் சான்றிதழ் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று நிமிர்ந்து கேட்கலாம், அதில் பணிவும் இருக்கிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதும் மனுவுக்கு இது இன்னும் முக்கியம். 2005ஆம் ஆண்டுச் சட்டம் அது. அதன் 6(2) பிரிவுப்படி தகவல் எதற்காக வேண்டும் என்ற காரணத்தை மனுதாரர் சொல்ல வேண்டியதே இல்லை. 7(1) பிரிவுப்படி 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும், ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரத்துக்குள். நிலைமை இப்படி இருக்க, "ஏழையாகிய எனக்குக் கருணை கூர்ந்து தகவல் தந்து உதவ வேண்டி நிற்கிறேன்" என்று ஏன் எழுத வேண்டும்? "தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 6(1)இன் கீழ் பின்வரும் தகவல்களைக் கோருகிறேன்" என்று நேராக எழுதுங்கள். கோரு முழு உரிமையோடு நிற்கிற இடம் இது.

இங்கேயும் "எதை" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "எங்கள் தெருவுக்கு ஏன் சாலை போடவில்லை என்ற விளக்கத்தைக் கோருகிறேன்" என்றால் பொதுத் தகவல் அலுவலர் கைவிரித்துவிடலாம், ஏனென்றால் பதிவேட்டில் இருப்பதைத்தான் அவர் தர வேண்டும், புதிதாகக் காரணம் யோசித்துச் சொல்ல வேண்டியதில்லை. அதையே "எங்கள் தெருவில் சாலை அமைப்பது தொடர்பான தீர்மானம், மதிப்பீடு, பணி ஆணை ஆகியவற்றின் சான்றளிக்கப்பட்ட நகல்களைக் கோருகிறேன்" என்று எழுதினால் அவர் தேடிக் கொடுத்தாக வேண்டும், அல்லது அப்படி ஒன்று இல்லை என்று எழுத்தில் சொல்ல வேண்டும். கோரு என்பதற்கு முன்னால் கையில் பிடிக்கக்கூடிய ஒரு தாளின் பெயரை வையுங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: எழுத முடியாத ஒருவர் நேரில் வந்து வாயால் கேட்டால் அதை எழுத்தில் கொண்டுவர உதவுவது அந்த அலுவலரின் கடமை என்று அதே 6ஆம் பிரிவு சொல்கிறது. உங்களிடம் வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிவிடுங்கள், ஒரு வாடிக்கையாளர் குறைந்தாலும் பரவாயில்லை.

அலுவலகத் தாள்களில் கோரப்பட்ட என்று பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். "மனுதாரர் கோரிய தகவல்", "மேல் அலுவலகத்தால் கோரப்பட்ட அறிக்கை", "ஒப்பந்தப்புள்ளிகள் கோரப்படுகின்றன" எல்லாம் சரி. தகவல், அறிக்கை, ஒப்பந்தப்புள்ளி என்று கோரப்படுவது எப்போதும் ஒரு பொருளாகத்தான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அறிவிப்புப் பலகைகளில்தான் சிக்கல். "பொதுமக்கள் குப்பையை இங்கே கொட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று எழுதி வைக்கிறார்கள். பொதுமக்கள் எழுவாய் என்றால் வினை பன்மையில் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்று முடிய வேண்டும். "பொதுமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதினால் இன்னும் எளிது, யார் கேட்கிறார்கள் என்பதும் தெரியும். என்னைக் கேட்டால், கடை அறிவிப்போ சங்க அறிவிப்போ எழுதித் தரச் சொன்னால் "கேட்டுக்கொள்கிறோம்" என்றே எழுதிக் கொடுங்கள்.

எழுத்துப் பிழைகளில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். கோரு என்பதற்கு இடையின ர. வல்லின ற போட்டுக் கோறுகிறேன் என்று எழுதினால் விபரீதம், கோறல் என்றால் கொல்லுதல். திருக்குறளில் கொல்லாமை அதிகாரத்தின் முதல் குறளே அறவினை யாதெனின் கொல்லாமை, கோறல் பிறவினை எல்லாம் தரும் என்றுதான் சொல்கிறது. ஒற்று விஷயத்தில், எடுக்கக் கோரி, வழங்கக் கோரி, எனக் கோரி என்று க் வரும். பட்டா கோரி, அனுமதி கோரி, இழப்பீடு கோரி என்பவற்றில் வராது. பட்டாவைக் கோரி என்று ஐ வெளிப்படையாக வந்துவிட்டால் வரும். மன்னிப்பு, விடுப்பு, வாக்கு மாதிரி சொல்லின் முடிவே ப்பு, க்கு என்று அழுத்தமாக இருந்தால் மன்னிப்புக் கோரி, விடுப்புக் கோரி என்று வரும். கோரி என்பதற்குப் பின்னாலும் வல்லினம் மிகும்: ஊதிய உயர்வு கோரிப் போராட்டம். கேட்டுக்கொள்கிறேன் என்பதைச் சேர்த்தே எழுதுங்கள். கேட்டு கொள்கிறேன் என்று உடைத்தால் ஒரு சொல் இரண்டாகிவிடுகிறது, ஒற்றும் காணாமல் போகிறது.

இலங்கைத் தமிழ்ச் செய்திகள் படிப்பீர்களோ தெரியாது. அங்கே கோரு நம்மைவிடத் தாராளமாகப் புழங்குகிறது. பொதுமக்களின் உதவியைக் கோரும் பொலிஸார் என்று தலைப்பு வரும், டெண்டர் அறிவிப்புக்கு விலைமனு கோரல் என்றே பெயர். யாருக்கும் அதில் அதிகாரமோ திமிரோ தெரிவதில்லை, பழகிய சொல். நம் பக்கத்தில் அது அலுவலகத் தாளுக்குள் மட்டும் தங்கிவிட்டதால்தான் பெரியவருக்குப் பயமாக இருக்கிறது என்று நினைக்கிறேன். அவரிடம் சண்டை போட வேண்டாம். அவர் வேண்டுகிறேன் என்று எழுதட்டும், அது தவறில்லை. ஆனால் அவருடைய மனுவிலும் "பெறுமாறு வேண்டுகிறேன்" என்று இருந்தால் அதைத் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.

தாழ்மையுடன், பணிவுடன் இவற்றையும் ஓர் இடத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா, கடைசி வரியில் பணிவுடன், அது போதும். இவற்றைக் குறைப்பதால் மிச்சமாகும் இடத்தில் நாள், எண், இணைப்பு விவரம் எழுதலாம். எழுதி முடித்ததும் மனுதாரருக்கு ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். யார் கொடுப்பது யார் வாங்குவது என்பது தலைகீழாக இருந்தால் இலக்கணமே தெரியாத பாட்டிகூட "அவங்க எதுக்குப்பா பெறணும், நான்தானே பெறணும்" என்று பிடித்துவிடுவார்.

வாட்ஸ்அப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் கோரவும் வேண்டாம், கேட்டுக்கொள்ளவும் வேண்டாம். கோரிக்கை ஏற்கெனவே தாளில் பதிவாகிவிட்டது, செய்தியில் நீங்கள் கேட்பது அதன் நிலையை மட்டும்தான். அதிகாரி தானாக எண்ணைக் கொடுத்திருந்தால் மட்டும், அலுவலக நேரத்தில், மனு எண்ணோடு இப்படி அனுப்புங்கள்: "வணக்கம் மேடம். முதியோர் உதவித்தொகை மீண்டும் வழங்குவது பற்றி இந்தத் தேதியில் மனு கொடுத்திருந்தோம், ஒப்புகை எண் இது. இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிவிக்க முடியுமா? வேறு ஆவணம் ஏதும் தேவைப்பட்டால் கொண்டு வந்து கொடுத்துவிடுகிறோம்." இந்த இடத்தில் மட்டும் ஆவணத்துக்கு மூன்று சுழி ண.